பார்த்தது எது, கேட்டது எது?

(சேலத்தில் வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம்.

போன வாரம் அஸ்தம்பட்டியில் டீ குடிக்க நின்றேன். ஏற்காட்டு மலைப்பாதையில் நடந்த ஒரு சாவைப் பற்றிப் பேச்சு. மாதங்கள் ஓடியும் துப்புத் துலங்காத சாவு. கடன் தகராறு என்றார் ஒருவர். காதல் விவகாரம் என்றார் இன்னொருவர். மூன்றாமவர் குரலைத் தாழ்த்தி, "வீட்டுக்குள்ளேயேதான்" என்றார். இறந்தவரின் அண்ணன் அதே ரோட்டில்தான் கடை வைத்திருக்கிறார். அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

செல்போனில் ஒரு படமும் காட்டினார்கள். முதுகெல்லாம் நீலம், அடித்தே கொன்றிருக்கிறார்கள் என்றார்கள். உயிர் போனதும் ரத்த ஓட்டம் நின்று, உடம்பின் கீழ்ப்பக்கத்தில் ரத்தம் இறங்கித் தேங்கும். மல்லாந்து கிடந்தால் சில மணி நேரத்தில் முதுகு நீலம் பாரிக்கும். தரையில் அழுந்திய இடம் மட்டும் வெளுத்திருக்கும். இயற்கையாக இறந்தவருக்கும் இப்படித்தான் ஆகும். அது அடிபட்ட கன்றலா, தேங்கிய ரத்தமா என்பதைத் தோலைக் கீறிப் பார்த்துத்தான் டாக்டர் சொல்ல முடியும். போட்டோவைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

ஏரியில் மிதந்த உடல் என்றால் வேறு கேள்வி. தண்ணீரில் விழுந்தபோது உயிர் இருந்ததா? ஏரி நீரில் கண்ணுக்குத் தெரியாத டயாட்டம் என்ற பாசி உண்டு. மூச்சுத் திணறி நீரை இழுத்தவரின் ரத்தத்தில் கலந்து அது எலும்பு மஜ்ஜை வரை போகும். அதனால் எலும்போடு அந்த ஏரித் தண்ணீரையும் ஆய்வுக்கு அனுப்புவார்கள். அந்தச் சோதனையையும் மற்ற தடயங்களோடு சேர்த்துத்தான் எடை போடுவார்கள். இதற்கெல்லாம் நாள் பிடிக்கும்.

பல வருஷத்துக்கு முந்தைய வழக்கு ஒன்று. மலையில் காபித் தோட்டத்தில் வேலை செய்த ஒரு பெரியவர்தான் சாட்சி. முதல் நாள் போலீஸிடம், "ராத்திரி ஒரு வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது" என்றார், அவ்வளவுதான். அப்புறம் ஊரெல்லாம் வெள்ளைக் கார் என்று பேச்சுக் கிளம்பியது. கோர்ட்டில் கூண்டேறியபோது, வெள்ளைக் காரைப் பார்த்தேன் என்றார். அவர் பொய் சொல்லவில்லை. கேட்டுக் கேட்டு அது அவர் கண்ணால் பார்த்ததாகவே ஆகிவிட்டது. முதல் வாக்குமூலத்தைக் காட்டிக் குறுக்கு விசாரணை செய்து அந்தச் சாட்சியத்தை உடைத்தவன் நான். குற்றம் சாட்டப்பட்டவரின் வக்கீலாக அது என் கடமை. ஆனால் அவர் நிஜமாகவே கேட்ட அந்தச் சத்தமும் அதோடு சேர்ந்து மதிப்பிழந்து போனது. இன்றும் அந்தப் பெரியவரின் முகம் எனக்கு மறக்கவில்லை.

2008 மே மாதம் நொய்டாவில் ஒரு சிறுமி வீட்டில் கொல்லப்பட்டாள். காணாமல் போன வீட்டு வேலைக்காரர்தான் கொலைகாரர் என்று அன்றே முடிவு கட்டினார்கள். மறுநாள் அவர் உடல் அதே வீட்டு மொட்டை மாடியில் கிடந்தது. பிறகு பெற்றோர் மேல் பழி. 2013இல் தண்டனை, 2017இல் அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் விடுதலை.

சரி, வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொல்கிறேனா? இல்லவே இல்லை. ஊர் கேட்காவிட்டால் ஏழை வீட்டுச் சாவு கோப்பிலேயே கிடந்துவிடும். கேட்க வேண்டியதைக் கேளுங்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174, அதன் இடத்தில் வந்த இன்றைய புதிய சட்டத்தின் 194ஆம் பிரிவில் சந்தேக மரணமாகப் பதிந்த வழக்கு எந்த நிலையில் இருக்கிறது? உள்ளுறுப்புகள் ஆய்வகத்துக்கு எந்தத் தேதியில் போயின? அறிக்கை வந்ததா? புலன் விசாரணை எதுவரை வந்திருக்கிறது என்பதை 90 நாளுக்குள் புகார்தாரருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று புதிய சட்டமே சொல்கிறது. அந்த அண்ணனுக்கு இது தெரியாது. நேற்று அவர் கடைக்குப் போய்ச் சொன்னேன்.

இங்கே யார் வீட்டிலாவது அப்படி ஒரு வழக்கு நிலுவையில் இருந்தால், கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள். மனு நான் எழுதித் தருகிறேன், பணம் வேண்டாம். எஃப்.ஐ.ஆர். நகல் மட்டும் கையோடு இருக்கட்டும்.