பெயரோடு சேமித்த எண்

(மதுரையில் சுங்குடிச் சேலை விற்கும் சிறு வியாபாரிகளிடம் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். கடையை அடைத்துவிட்டும், பிள்ளைகளை யாரிடமாவது விட்டுவிட்டும் வந்திருக்கிறீர்கள். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

உள்ளே நுழைந்ததுமே நாலைந்து பேர் என்னிடம் கேட்டது, "ஃபாலோயர்ஸை எப்படிக் கூட்டுவது?" என்றுதான். நான் வேறொன்று கேட்கிறேன். உங்களிடம் சேலை வாங்கியவர்களில் எத்தனை பேர் போனில் உங்கள் எண் பெயரோடு இருக்கிறது? 'சுங்குடி அக்கா', 'மதுரை சேலை அண்ணன்' என்று சேமித்திருப்பார்களே, அதைச் சொல்கிறேன்.

காரணத்தோடுதான் கேட்கிறேன். வாட்ஸ்அப்பில் ஒரே செய்தியைப் பலருக்கும் ஒரே தடவையில் அனுப்ப பிராட்காஸ்ட் லிஸ்ட் போடுகிறோம். ஒரு லிஸ்ட்டில் 256 பேரைச் சேர்க்கலாம். ஆனால் நம் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்தவருக்கு மட்டும்தான் அந்தச் செய்தி போய்ச் சேரும். புதுச்சேலைப் படத்தை அத்தனை பேருக்கும் அனுப்பிவிட்டு, பதிலே வரவில்லை என்று நாம் உட்கார்ந்திருப்போம். அவர்களில் பலருக்கு அது போகவே இல்லை.

2020 ஜூன் 29 உங்களுக்கு நினைவிருக்கும். டிக்டாக்கோடு சேர்த்து 59 செயலிகளுக்குத் தடை வந்தது. அங்கே மட்டுமே ஆள் சேர்த்து வைத்திருந்தவர்களுக்கு, அந்த ஆட்களை மறுபடி தேடிப் பிடிக்க வழியில்லாமல் போனது. அடுத்த வருடம் அக்டோபர் 4, தீபாவளிக்குச் சரியாக ஒரு மாதம் இருக்கும்போது, ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் ஒரே நேரத்தில் ஏறக்குறைய ஆறு மணி நேரம் நின்றுபோயின. புறம்போக்கில் போட்ட பந்தல் மாதிரிதான் அதெல்லாம். பந்தலைப் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வாங்கியவர் பெயர், ஊர், எண், என்ன நிறம் எடுத்தார் என்பதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

சரி, முன்பின் தெரியாத ஒருவர் நம் எண்ணை ஏன் சேமிக்க வேண்டும்? அவர் மனதில் இருக்கும் சந்தேகத்தை நாம் தீர்த்து வைத்தால் சேமிப்பார். சுங்குடி வாங்குகிறவருக்கு மூன்று சந்தேகங்கள் உண்டு. கையால் முடிச்சுப் போட்டதா, அச்சா? சாயம் போகுமா? படத்தில் பார்க்கிற நிறம்தான் கையில் வருமா?

முதல் சந்தேகத்துக்கு உங்கள் வீட்டிலேயே பதில் நடந்துகொண்டிருக்கிறது. துணியைச் சிட்டிகை அளவு தூக்கி நூலால் இறுக்கிக் கட்டுவதையும், சாயத்தில் முக்கிக் காய்ந்த பிறகு துணியை இழுக்கும்போது முடிச்சுகள் அவிழ்ந்து புள்ளிகள் மலர்வதையும் நீங்கள் தினமும் பார்ப்பதால் உங்களுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. அதை அரை நிமிடம் படம் பிடியுங்கள். பாட்டு வேண்டாம், கட்டுகிற அம்மாவின் கையும் குரலும் போதும். அப்புறம் சேலையின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டுங்கள். முடிச்சுப் புள்ளி இரண்டு பக்கமும் தெரியும், ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. அச்சு அப்படி வராது. இந்தப் பெயர் இந்த ஊர்ப் பொருளுக்கே உரியது என்று சொல்லும் புவிசார் குறியீடு மதுரை சுங்குடிக்கு 2005இலேயே கிடைத்துவிட்டது. ஆனாலும் அச்சுச் சேலையும் அதே பெயரில்தான் ஓடுகிறது. அச்சு விற்பதில் தவறே இல்லை, நிறைய பேருக்கு அந்த விலைதான் கட்டும். 'இது அச்சு' என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். அடுத்த முறை முடிச்சுச் சேலை என்று நீங்கள் சொல்லும்போது நம்புவார்கள்.

சாயத்துக்கு, ஓரத்தை நனைத்து வெள்ளைக் கைக்குட்டையால் தேய்த்துக் காட்டுங்கள். சாயம் ஒட்டினால் ஒட்டுகிறது என்று சொல்லுங்கள். முதல் துவைப்பில் உப்புத் தண்ணீரில் தனியாக ஊற வைக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நிறத்தில் நானே தவறு செய்திருக்கிறேன். ஒரு மாம்பழ மஞ்சள் சேலையை ஃபில்டர் போட்டுப் படம் எடுத்து அனுப்பினேன். வளைகாப்புக்கு என்று ஒரு பெண் வாங்கினாள். பிரித்துப் பார்த்தால் வெளிறிய மஞ்சள். பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், ஆனால் அந்த நாளைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. அன்றிலிருந்து காலை ஒன்பது மணிக்குத் திண்ணை நிழலில்தான் படம் எடுக்கிறேன்.

'விலைக்கு மெசேஜ் பண்ணவும்' என்று போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். கேட்கக் கூச்சப்பட்டே போய்விடுகிறவர்கள் அதிகம், அதிலும் முதல் தடவை வாங்குகிறவர்கள். அதேபோல், 'பார்சல் பிரிக்கும் வீடியோ இல்லாமல் புகார் ஏற்கப்படாது' என்ற வரி. ஏமாற்றுகிறவர்களால் நாம் பட்ட நஷ்டம் எனக்கும் தெரியும். ஆனால் நம்மிடம் முதன்முதலாக வருகிறவரை வாசலிலேயே சந்தேகப்படுகிற மாதிரி அது இருக்கிறது. ஒரு சேலை நஷ்டமானாலும் பரவாயில்லை என்று நான் அதை எடுத்துவிட்டேன்.

இன்னொன்றைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். நம்மில் பெரும்பாலோர் பணம் வந்ததும் பேச்சை நிறுத்திவிடுகிறோம். வடிகஞ்சியை எவ்வளவு தண்ணீர் விட்டுக் கலக்க வேண்டும், சேலையை நிழலில் எப்படிக் காயப் போட வேண்டும் என்று ஒரு சின்ன வீடியோவைச் சேலை போய்ச் சேர்ந்த நாளில் அனுப்பிப் பாருங்கள். "அக்கா, கஞ்சி கட்டியாகிவிட்டது, என்ன செய்ய?" என்று பதில் வரும். அந்தக் கேள்வி வந்தால், உங்கள் எண் பெயரோடு ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

இன்று ராத்திரி ஒரு வேலை செய்யுங்கள். கடைசியாக வாங்கிய இருபது பேரை நோட்டில் எழுதுங்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, பெயர் சொல்லி, "சேலையைத் துவைத்தீர்களா, சாயம் எப்படி இருக்கிறது?" என்று மட்டும் கேளுங்கள். புதுச்சேலைப் படம் எதுவும் கூட வைக்காதீர்கள். திட்டி வருகிற பதிலையும் அழிக்காமல் அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள், எல்லாரும் உட்கார்ந்து படிப்போம்.