பழைய பதிவேட்டில் ஒரு பிள்ளையின் பெயர்

நேயர்கள் அனைவருக்கும் அன்பான வணக்கம்.

மதுரை வட்டாரத்தின் கல்வி வரலாறு என்றதும் ஆண்டுகளைத்தான் முதலில் சொல்கிறோம். மதுரைக் கல்லூரி 1889, நான்காம் தமிழ்ச் சங்கம் 1901, தியாகராசர் கல்லூரி 1949. எல்லாம் சரியான ஆண்டுகள்தாம். ஆனால் யார் தொடங்கினார் என்பதோடு தேடலை முடித்துக்கொண்டால், யார் படித்தார் என்பது தெரியாமலே போய்விடுகிறது. அந்தப் பிள்ளைகளைத் தேடிப்போகும் வழியைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

மீனாட்சியம்மனுக்கு ரத்தினம் இழைத்த தங்க அங்கவடி, அதாவது குதிரை ஏறுகிறவர் கால் வைக்கும் வளையம், காணிக்கை தந்த கலெக்டர் ரோஸ் பீட்டரை, 'பீட்டர் பாண்டியன்' என்று ஊர் கொண்டாடிய அந்த மனிதரை, மதுரைக்காரர்கள் அறிவார்கள். 1822ஆம் ஆண்டு சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ, ஜில்லாவுக்கு எத்தனை பள்ளிக்கூடம், எத்தனை பிள்ளைகள் என்று கலெக்டர்களிடம் கணக்குக் கேட்டார். பீட்டர் 1823 பிப்ரவரியில் பதில் அனுப்பினார். 844 பள்ளிக்கூடங்கள், 13,781 பிள்ளைகள், ஜில்லாவின் மக்கள்தொகை 7,88,196. அன்றைய மதுரை ஜில்லா இன்றைய மாவட்டத்தைவிட மிகப் பெரியது. திண்டுக்கல்லும் அதில் அடக்கம்.

வகுத்துப் பார்த்தால் ஒரு பள்ளிக்குச் சராசரியாகப் பதினாறு பிள்ளைகள். ஒரு திண்ணை, ஒரு வாத்தியார், அவருக்குக் கீழே மற்றப் பிள்ளைகளை மேய்க்கும் மூத்த மாணவனாக ஒரு சட்டாம்பிள்ளை. மணலில் விரல் தேய எழுதி, கை திருந்திய பிறகு ஓலையும் எழுத்தாணியும். ஆத்திசூடி, கொன்றைவேந்தன், கணக்கு வாய்பாடான எண்சுவடி. அமாவாசை, பௌர்ணமிக்கு வாவு விடுமுறை. இப்படிப்பட்ட 844 இடங்கள் வெள்ளைக்காரர் ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் கட்டுவதற்கு முன்பே இந்த மண்ணில் இருந்திருக்கின்றன.

அந்த 13,781 பேரில் பெண்பிள்ளைகள் 105. இந்த எண்ணை அவ்வளவு எளிதாகக் கடந்துபோக என்னால் முடியவில்லை. யார் வீட்டுப் பெண்கள், எந்த ஊர், என்ன படித்தார்கள்? பீட்டர் அனுப்பிய அட்டவணையில் பெயர் கிடையாது.

அதே அட்டவணையில் உயர்கல்லூரிகள் என்ற கட்டத்தில் மதுரைக்கு நேரே ஒன்றுமே இல்லை. அட்டவணையை மட்டும் பார்க்கிறவர், இங்கே உயர்கல்வியே கிடையாது என்று எழுதிவிடுவார். கூடவே இருக்கும் கடிதத்தைப் படித்தால், அக்கிரகாரங்களில் மானிய நிலத்தின் வருமானத்தில் வேதமும் புராணமும் இலவசமாகச் சொல்லிக்கொடுக்கப்பட்டதைக் கலெக்டரே குறிப்பிட்டிருக்கிறார். அதற்கும் இருநூறு ஆண்டுகளுக்கு முன்னால், 1610இல், மதுரையில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் படிப்பதாக இயேசு சபைப் பாதிரியார் ராபர்ட் தெ நொபிலி எழுதினார். அது நாயக்கர் காலம். ஆகவே அட்டவணையையும் கடிதத்தையும் சேர்த்தே படியுங்கள்.

அடுத்து மிஷன் காலம். 1834இல் அமெரிக்க மிஷன் மதுரைக்கு வந்தது யாழ்ப்பாணம் வழியாக. யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் செமினரி என்னும் மிஷன் உயர்கல்விப் பள்ளியை நடத்திய பாதிரியார் டேனியல் பூர் 1836இல் இங்கே வந்து ஊர் ஊராகப் பள்ளிகளைத் திறந்தார். 1842இல் திருமங்கலத்தில் தொடங்கிய செமினரி 1845இல் பசுமலைக்குப் போனது, 1881இல் அங்கே கல்லூரி ஆயிற்று, பிறகுதான் மதுரை நகரின் தல்லாகுளம். அமெரிக்கன் கல்லூரியின் வேரைத் தேடுகிறவர் தல்லாகுளத்துச் செங்கல் கட்டடத்தோடு நிற்கக்கூடாது, திருமங்கலத்துக்கும் வட்டுக்கோட்டைக்கும் போயாக வேண்டும். அந்த மிஷன் தலைமையகத்தின் காகிதங்களோ இன்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஹௌட்டன் நூலகத்தில் இருக்கின்றன. ஒன்றை மட்டும் மனத்தில் வையுங்கள். அந்தக் காகிதங்களில் உள்ள மிஷன் அறிக்கைகள் அமெரிக்காவில் நன்கொடை தருகிறவர்கள் படிப்பதற்காக எழுதப்பட்டவை. வகுப்பில் நின்று பாடம் நடத்திய தமிழ் வாத்தியார்களின் பெயர் அவற்றில் அபூர்வமாகத்தான் தலைகாட்டும்.

அந்தக் குறையைத் தீர்ப்பது நம் ஊர்ப் பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடுதான். மாணவர் பெயர், தந்தை பெயர், தொழில், சாதி, பிறந்த தேதி, அம்மை குத்தியாயிற்றா, பள்ளியை விட்ட தேதி, விட்ட காரணம். வைகைக் கரைப் பள்ளி ஒன்றின் பழைய பதிவேட்டில் தொழில் கட்டத்தை மேலிருந்து கீழே விரல் வைத்துப் படித்தேன். நெசவு, நெசவு, நெசவு என்று பக்கம் பக்கமாக வந்தது. சில ஆண்டுகள் தள்ளி, மில் கூலி என்று ஆரம்பித்தது. ஒரு தெருவின் வாழ்க்கை மாறிய கதை அந்த ஒரே கட்டத்தில் இருந்தது. ஆதிதிராவிடர் வீட்டுப் பிள்ளை எந்த ஆண்டில் முதன்முதலாக அந்தப் பள்ளிக்குள் வந்தது என்பதையும் பதிவேடுதான் சொல்லும், எந்த ஆண்டுமலரும் சொல்லாது.

பிறந்த தேதியை மட்டும் நம்பிவிடாதீர்கள். தலைக்கு மேலே கையைச் சுற்றிக் காதைத் தொட்டால் ஐந்து வயது என்று கணக்கிட்ட காலம் அது. தேதி பெரும்பாலும் வாத்தியார் போட்டதுதான்.

1904இல் பாரதியார் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதங்கள் தமிழாசிரியராக இருந்தார். அது எல்லாருக்கும் தெரியும். அவர் முன்னால் உட்கார்ந்து தமிழ் படித்த பையன்கள் யார் யார்? அவர்களில் ஒருவர் உங்கள் கொள்ளுத்தாத்தாவாகவும் இருக்கலாம்.

நேயர்களே, உங்கள் ஊர்ப் பள்ளி பீரோவில் இப்படிப் பழைய பதிவேடு இருக்கிறதா என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். வெள்ளையடிக்கும்போது பழைய பேப்பர் கடைக்குப் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அனுமதி வாங்கிப் பக்கம் பக்கமாகப் படம் எடுங்கள். கட்டங்களின் தலைப்பு உள்ள பக்கத்தையும் விட்டுவிடாதீர்கள், இல்லாவிட்டால் பின்னால் எது எந்தக் கட்டம் என்றே புரியாது. பதிவேட்டைப் பள்ளியிலேயே, ஈரம் படாத இடத்தில் திரும்ப வைத்துவிடுங்கள். வீட்டில் எண்பது வயதைத் தாண்டியவர்கள் இருந்தால், எந்தத் திண்ணையில் படித்தார்கள், வாத்தியார் பெயர் என்ன என்று இன்றைக்கே கேட்டு எழுதிவையுங்கள்.

நன்றி, வணக்கம்.