ஞாயிற்றுக்கிழமை சான்றிதழும் திங்கட்கிழமை நோயாளியும்

நேயர்களுக்கு வணக்கம்.

நான் ஓ.டி. என்று சொன்னால் சென்னையில் பாதிப் பேர், "ஆபரேஷன் தியேட்டரா மேடம்?" என்று கேட்பார்கள். இல்லை, ஆக்குபேஷனல் தெரபி. பக்கவாதம் வந்தவர் மறுபடி சட்டைப் பொத்தான் போடவும், கை நசுங்கிய தொழிலாளி மறுபடி ஸ்பேனர் பிடிக்கவும் கூடவே இருந்து பழக்குகிற வேலை. 1950-ல் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் கமலா நிம்ப்கர் இதற்கென ஒரு பள்ளி தொடங்கினார். 1952-ல் இந்தத் தொழிலுக்கான உலகக் கூட்டமைப்பு உருவானபோது தொடங்கிய பத்து நாடுகளில் இந்தியாவும் ஒன்று. அவ்வளவு பழைய தொழில். ஆனாலும் ஆபரேஷன் தியேட்டர்தான் முந்திக்கொள்கிறது.

நோயாளிகள் கற்பதைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. இன்று எங்களைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். பட்டம் வாங்கி இருபது, இருபத்தைந்து வருடம் ஆனவர்கள் எப்படிக் கற்கிறோம்?

பெரும்பாலும் இப்படித்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஹோட்டல் ஹால், பல் கிட்டுகிற ஏசி. காலை ஒன்பதிலிருந்து ஸ்லைடு மேல் ஸ்லைடு. மதியம் பிரியாணி, கண்ணைச் செருகும் நேரத்தில் இன்னொரு உரை. சாயங்காலம் சான்றிதழ், குரூப் போட்டோ. என் பீரோவில் ஒரு ஃபைல் நிறைய இருக்கின்றன. திங்கட்கிழமை காலை முதல் நோயாளி வந்து உட்காருவார். வெள்ளிக்கிழமை என்ன செய்தேனோ அதையேதான் செய்வேன்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பொத்தான் போடத் தெரியாமல் போன மனிதருக்கு நாங்கள் ஸ்லைடு போட்டுக் காட்டுவதில்லை. அவருடைய சட்டையையே கொண்டுவரச் சொல்கிறோம். அவர் கையால் தடுமாறட்டும் என்று விடுகிறோம். அடுத்தவருக்கு இப்படிச் சொல்லித்தரத் தெரிந்த நாங்கள், எங்களுக்கென்று வரும்போது நாற்காலியில் சாய்ந்துவிடுகிறோம்.

மால்கம் நோல்ஸ் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970-களிலிருந்து இதைத்தான் அழுத்திச் சொல்லிவந்தார். வளர்ந்தவருக்கு 'இது எனக்கு எதற்கு' என்று முதலில் தெரியவேண்டும். கையில் ஒரு சிக்கல் இருக்கும்போதுதான் மனம் திறக்கும். அதோடு, அவர் வெறும் பாத்திரமாக வருவதில்லை, சொந்த அனுபவத்தோடு வருகிறார். அந்த அனுபவத்தைத் தொடாத பாடம் மேலோடு வழிந்து போய்விடும்.

மயிலாப்பூரில் பூ விற்கும் ஒரு அம்மா என்னிடம் வந்தார். பக்கவாதத்தில் வலது கை பாதிப்பு. நான் வழக்கம்போல் பெக் போர்டு (துளைப்பலகையில் குச்சி செருகுவது), கோன் அடுக்குதல், களிமண் மாதிரியான பயிற்சிப் பசையைப் பிசைதல் என்று மூன்று வாரம் ஓட்டினேன். கிளினிக்கில் நன்றாகச் செய்தார். "வீட்டில் பூ கட்டுறீங்களா?" என்றால், "எங்க கண்ணு வருது" என்பார். ஒருநாள் மல்லியும் நாரும் கொண்டுவரச் சொன்னேன். தண்ணீரில் நனைத்த வாழைநார், ஈரத்துணியில் மொட்டு. ரெண்டு பூ இந்தப்பக்கம், ரெண்டு பூ அந்தப்பக்கம், இடது கை பிடித்துக்கொள்ள வலது கை நாரைச் சுற்றி ஒரு சுண்டு சுண்டவேண்டும். அங்கேதான் நின்றது. நான் மூன்று வாரமாக விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சொன்னார்: "இது விரல் வேலை இல்லம்மா, மணிக்கட்டுத் திருப்பம்." என் பெக் போர்டில் அந்தத் திருப்பமே இல்லை.

அன்றிலிருந்து பயிற்சி மாறியது. நூலின் ஒரு முனையைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுவை வைத்துக்கொண்டு கட்டப் பழகினார். பழைய வேகம் வரவில்லை. முழம் போடுவது இப்போதும் மகள்தான். ஆனால் கட்டுகிறார்.

அந்த ஒரு மணி நேரத்துக்கு எனக்கு யாரும் சான்றிதழ் தரவில்லை.

இப்போது நாங்கள் ஆறு பேர் மாதத்தில் இரண்டாவது சனிக்கிழமை, மேற்கு மாம்பலத்தில் ஒருவருடைய கிளினிக்கில் கூடுகிறோம். பேச்சாளர் கிடையாது. ஆளுக்கொரு முறை, 'எனக்குப் பிடிபடவில்லை' என்கிற ஒரு கேஸ் கொண்டுவரவேண்டும். வெற்றிக்கதை கொண்டுவந்தால் காபி செலவு அவருடையது. மூன்று வாரம் கழித்து ஒரு போன் வரும்: "அன்னிக்குப் பேசினதைச் செஞ்சு பார்த்தீங்களா?" அந்த போனுக்குப் பயந்தே செய்துவிடுவோம்.

ஒரு சனிக்கிழமை ஒருவருக்கொருவர் ஸ்ப்ளின்ட், அதாவது கையை ஒரே நிலையில் தாங்கிப் பிடிக்கிற அச்சு, செய்தோம். தெர்மோபிளாஸ்டிக் தகட்டை 65, 70 டிகிரி வெந்நீரில் போட்டால் அப்பளம் ஊறினாற்போல் துவளும், கையில் வைத்து வடிவம் பிடிக்கவேண்டும். நூற்றுக்கணக்கில் செய்திருக்கிறேன். அன்றுதான் முதன்முறையாக ஒன்றைப் போட்டுக்கொண்டு இரவு தூங்கினேன். தூங்கினேன் என்பது மரியாதைக்கு. கட்டைவிரல் இடுக்கில் ஓரம் உரசி இரண்டு மணிக்குக் கழற்றி வைத்தேன். "ஏன் போடவே மாட்டேங்கிறீங்க?" என்று எத்தனை பேரைக் கடிந்திருப்பேன்! இப்போதெல்லாம் ஓரத்தை மடக்கித் தேய்க்காமல் யாரையும் அனுப்புவதில்லை. அப்படியே, அக்னி நட்சத்திரத்தில் வண்டி டிக்கியில் வைத்துவிட்டுப் போகாதீர்கள் என்றும் சொல்லி அனுப்புகிறேன். வெயிலில் நின்ற வண்டிக்குள் அது தன் வடிவத்தை மறந்துவிடும்.

அனுபவம் நல்லதுதான். சில சமயம் வழியில் நிற்கும் கல்லும் அதுதான். என் ஆரம்ப வருடங்களில் பக்கவாதக்காரர்களின் தோளுக்குக் கிணற்று ராட்டினம் மாதிரி மேலே கப்பி கட்டி, நல்ல கையால் இழுத்து மற்றக் கையைத் தூக்கச் சொல்வோம். அது வலுவிழந்த தோளுக்கு வலியையும் காயத்தையும் கூட்டும், வேண்டாம் என்று இன்றைய வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. எனக்கு அதைச் சொன்னது என்னைவிடப் பதினைந்து வயது சின்னப் பெண். முதலில் கோபம்தான் வந்தது. இவ்வளவு வருடம் கட்டிய கப்பிகள் எல்லாம் கண்முன் வந்தன. இரண்டு நாள் கழித்துத்தான் கழற்றினேன். அந்த இரண்டு நாளுக்கு எந்த வகுப்பிலும் நேரம் ஒதுக்குவதில்லை. சாயங்காலமே கருத்துப் படிவத்தில் 'மிக நன்று' என்று டிக் போட்டுக் கொடுத்துவிடச் சொல்கிறார்கள்.

2021-ல் மருத்துவம் சார்ந்த துறைகளுக்கென்று தேசிய ஆணையச் சட்டம் வந்தது. அதில் நாங்களும் இருக்கிறோம். பதிவு, தரம் எல்லாம் வேண்டியதுதான். உட்கார்ந்த மணி நேரத்தை எண்ணுவதோடு, மாறிய கையையும் யாராவது பார்க்கவேண்டும் என்பது என் கட்சி.

வரும் சனிக்கிழமை என் முறை. வடபழனிப் பக்கம் ஒரு தையல்காரர், விபத்தில் வலது கைப் பெருவிரல் நரம்பு அறுந்து தைத்தது. பிடி வந்துவிட்டது, துணியைத் தள்ளுவது மட்டும் வரவில்லை. எனக்குத் தையல் மிஷினில் உட்கார்ந்தே பழக்கமில்லை. எங்கள் தெருமுனை டெய்லர் அண்ணனிடம் வியாழக்கிழமை ஒரு மணி நேரம் கேட்டிருக்கிறேன். "பழைய துணி கொண்டு வாங்க, முதல்ல நேர்க்கோடு" என்றார்.

வணக்கம்.