திருகோணமலை மானுக்குப் பொறுப்பு யார்? சபை பார்க்கும் வேலையும் பார்க்காத வேலையும்

[காட்சி: கடற்கரைப் பக்கம், மாலை நேரம். ஒரு புள்ளிமான் மணலில் கிடந்த சோத்துப் பார்சலை மூக்கால் தள்ளிப் பிரிக்கிறது.]

வணக்கம் உறவுகளே. மான் வாயில் என்ன இருக்கிறது என்று நன்றாகப் பாருங்கள். இலை இல்லை, புல் இல்லை. லஞ்ச் சீட், சோறு கட்டும் பொலித்தீன் தாள். யாரோ மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சுருட்டி எறிந்தது. மீன்குழம்பு வாசம் இன்னும் போகவில்லை, மான் வந்துவிட்டது.

இந்த மான் நாளைக்கு வயிறு வீங்கிச் செத்துப் போனால் யாரிடம் போய்க் கேட்பீர்கள்? மேயரிடமா? மாவட்டச் செயலகம் என்கிற கச்சேரியிலா? பொலிஸிலா? "சபைக்காரர் என்ன செய்கிறார்கள்" என்றுதான் முதலில் வாயில் வரும். அது பாதி சரி. எந்தப் பாதி என்பதுதான் இன்றைய காணொளி. சப்ஸ்கிரைப் செய்யாதவர்கள் இப்போதே அமத்திவிடுங்கள், அப்புறம் மறந்துவிடுவீர்கள்.

சரி, முதலில் பாடம். வேகமாக முடித்துவிடுகிறேன், தூங்கிவிடாதீர்கள்.

இலங்கையில் உள்ளூராட்சி மன்றங்கள் மூன்று வகை: மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை. பிரதேச சபைகளுக்கான சட்டம் 1987இல் வந்தது. மற்ற இரண்டுக்கும் உள்ள கட்டளைச் சட்டங்கள் அதைவிடப் பழையவை. எங்கள் திருகோணமலை மாவட்டத்தில் மொத்தம் 13 சபைகள். பட்டினம் 2018 தேர்தலில் நகர சபை, 2025 தேர்தலில் மாநகர சபை. கிண்ணியாவில் ஒரு நகர சபை. மீதி 11உம் பிரதேச சபைகள். உறுப்பினர்களில் ஏறத்தாழ 60 வீதம் வட்டாரத்தில் வெல்பவர்கள், 40 வீதம் பட்டியலில் வருபவர்கள், 25 வீதம் பெண்கள் இருக்க வேண்டும். பாடம் முடிந்தது.

இல்லை, ஒன்று இருக்கிறது. 2018 பெப்ரவரியில் தேர்ந்தெடுத்த சபைகளின் காலம் 2023 மார்ச் மாதம் முடிந்தது. அதே மாதம் நடக்க வேண்டிய தேர்தல், காசு இல்லை என்று தள்ளிப் போனது. 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம், இது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று தீர்ப்புச் சொன்னது. கடைசியில் 2025 மே 6ஆம் திகதிதான் வாக்குப் போட்டோம். இடையில் இரண்டு வருடத்துக்கு மேல் உறுப்பினர் யாரும் இல்லை, அதிகாரிகளே சபையை நடத்தினார்கள். அப்போதும் குப்பை அள்ள டிராக்டர் வந்தது, சம்பளம் போட்டார்கள், வரி அறவிட்டார்கள். "அப்போ உறுப்பினர்கள் எதற்கு?" என்று கேட்கிறீர்கள்தானே? வருகிறேன், அதற்கும் வருகிறேன்.

[காட்சி: மூன்று பெயர்ப்பலகைகள் அடுத்தடுத்து.]

அதற்கு முன்னால் எங்கள் ஊருக்கே உரிய ஒரு வில்லங்கம். திருகோணமலை மாநகர சபை. திருகோணமலை பட்டினமும் சூழலும் பிரதேச சபை. திருகோணமலை பட்டினமும் சூழலும் பிரதேச செயலகம். மூன்றும் மூன்று வேறு அலுவலகங்கள். முதல் இரண்டையும் நாங்கள் வாக்குப் போட்டுத் தெரிவு செய்கிறோம். மூன்றாவது அரசாங்கத்தின் நிர்வாக அலுவலகம், அங்கே இருப்பவர் பிரதேச செயலாளர், நியமனத்தில் வருகிறவர். பிறப்புச் சான்றிதழ் பிரதி, வாகன வரிப்பத்திரம், ஜி.எஸ். என்கிற கிராம சேவகர் கொடுத்த கடிதத்துக்கு மேலொப்பம் எல்லாம் அங்கே. வீட்டுப் பிளானுக்கு அனுமதி, கடைக்கு லைசன்ஸ், வீட்டுக்கும் காணிக்கும் கட்டும் சோலைவரி எல்லாம் சபையில்.

இப்போது ஒரு ஐயாவை நினைத்துக்கொள்ளுங்கள். மதில் கட்ட அனுமதி வேண்டும். கோப்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெயிலில் வருகிறார். "தம்பி, பட்டினமும் சூழலும் இதுதானே?" "இதுதான் ஐயா." "அப்போ இந்தப் பிளானை…" "ஐயோ, அது சபை ஐயா, இது செயலகம்." சபைக்குப் போகிறார். "ஐயாவின் காணி எந்தப் பக்கம்?" சொல்கிறார். "அது மாநகர சபை எல்லை ஐயா." அன்றைக்கு அவருக்கு ஓட்டோக் காசே பெரிய வரி. உங்கள் வீடு எந்தச் சபை எல்லைக்குள் என்று சந்தேகம் இருந்தால் சோலைவரிப் பற்றுச்சீட்டின் தலைப்பைப் பாருங்கள், சண்டை முடிந்தது. கடற்கரையோரமாக வடக்கே போனாலும் இதே கதைதான். உப்புவெளியில் குப்பையைப் பார்த்தால் பட்டினமும் சூழலும் பிரதேச சபையிடம் சொல்ல வேண்டும், நிலாவெளியில் பார்த்தால் குச்சவெளி பிரதேச சபையிடம். வெள்ளைக்காரருக்கு எல்லாம் ஒரே கடற்கரைதான்.

[காட்சி: இரவு. வீதியோரக் கம்பம், எரியாத விளக்கு.]

சரி, வீதிக்கு வருவோம். இந்தக் கம்பம் யாருடையது? மின்சாரம் தருகிற நிறுவனத்துடையது. அதில் தொங்கும் விளக்கு? உள்ளூராட்சி சபையுடையது. கம்பம் சரிந்தால் ஒரு இடத்துக்கும், பல்ப் போனால் இன்னொரு இடத்துக்கும் அறிவிக்க வேண்டும். கம்பத்துக்குக் கீழே தார் போட்ட வீதி, அம்பேபுஸ்ஸவிலிருந்து வரும் ஏ6 போன்ற பெரிய வீதி என்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபை. சில வீதிகள் மாகாண வீதித் திணைக்களம். உங்கள் ஒழுங்கை என்றால் சபை. வீதிக்கு அடியில் ஓடும் குடிநீர்க் குழாய் நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை. அவர்கள் குழாய்க்கு வெட்டுவார்கள், மழை வரும், பள்ளத்தில் சைக்கிள் விழும், திட்டு மட்டும் வட்டார உறுப்பினருக்கு. அந்தப் பாவத்தை நான் பலமுறை பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

இனித்தான் எனக்குப் பிடித்த பகுதி. அதே வீதியை மூன்று மிருகங்கள் கடக்கின்றன என்று வையுங்கள்: ஒரு மாடு, ஒரு நாய், ஒரு மான்.

மாடு சுகம். கட்டாக்காலி மாட்டைப் பிடித்துக் கட்டச் சபைக்கு அதிகாரம் இருக்கிறது. மாட்டுக்கு உரிமையாளர் இருப்பார், காதில் தோடு இருக்கும், தண்டப்பணம் கட்டி அவிழ்த்துக்கொண்டு போவார். கட்டும்போது திட்டிக்கொண்டே கட்டுவார், இரண்டு நாளில் மாடு மறுபடி சந்தையில் நிற்கும், அது வேறு விஷயம். சட்டம் தெளிவு.

நாய் கொஞ்சம் சிக்கல். வளர்ப்பு நாயைப் பதிவு செய்யும் சட்டம் சபையிடம் இருக்கிறது, ஆனால் விசர்நாய்த் தடுப்பூசி, கருத்தடை வேலைகளில் சுகாதாரத் துறைக்குப் பெரிய பங்கு. தெருநாய்களைக் கொல்வதில்லை என்ற அரச கொள்கை 2006இலிருந்து இருக்கிறது. ஆகவே "நாயைப் பிடித்துக்கொண்டு போங்கள்" என்று கடிதம் எழுதுகிறவர்களுக்கு ஒரு வரி: கொண்டுபோய் எங்கே விடுவது?

மானுக்கு வாருங்கள். மானுக்கு உரிமையாளர் இல்லை. தோடு இல்லை. 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அது பாதுகாக்கப்பட்ட விலங்கு, வனஜீவராசிகள் திணைக்களத்தின் பொறுப்பு. மாநகர சபை ஊழியர் மாட்டைப் பிடிக்கிற மாதிரிக் கயிறு போட்டால் குற்றவாளி அவராகிவிடுவார்.

ஆனால் இந்த மான் காட்டிலா இருக்கிறது? கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில் பிரெட்ரிக் கோட்டைக்குள் படுக்கிறது. போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டில் கட்டத் தொடங்கிய கோட்டை, பிறகு ஒல்லாந்தர், ஆங்கிலேயர், இப்போது உள்ளே இராணுவம். ஆக, மானின் படுக்கை இராணுவ முகாமில். வெயில் தாழ்ந்ததும் கூட்டமாக இறங்கி டச்சுக் குடாப் பக்கமும் பஸ் நிலையப் பக்கமும் வருகிறது. கோயிலுக்கு வந்த குடும்பம் வாழைப்பழத்தோலை நீட்டுகிறது, ஒரு பிள்ளை பிஸ்கட்டை உறையோடு நீட்டுகிறது, அப்பா படம் எடுக்கிறார். காட்டில் ஆள் வாசம் பட்டாலே ஓடுகிற மிருகம், இங்கே தேநீர்க் கடை வாசலில் நின்று ஆளை முறைத்துப் பார்க்கும். நான் வடையை மறைத்து வைத்துக்கொண்டு சாப்பிட்டிருக்கிறேன், பொய் சொல்லவில்லை.

சாவு எப்படி வருகிறது? மான் அசைபோடும் பிராணி. விழுங்கியதை முதல் இரைப்பையில் சேர்த்து வைத்து, பிறகு வாய்க்குக் கொண்டுவந்து அரைக்கும். பொலித்தீன் அரைபடாது, கீழேயும் இறங்காது. மழைக்காலத்தில் வடிகானில் பை அடைத்துக்கொண்டு தண்ணீர் நிற்குமே, அதே கதைதான் வயிற்றுக்குள். வயிறு நிறைந்த மாதிரி இருக்கும், உடம்புக்கு ஒன்றும் சேராது. பொலித்தீன் தின்று செத்த திருகோணமலை மான்களின் படங்களைச் செய்திகளில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். இத்தனைக்கும் லஞ்ச் சீட்டுக்கு 2017 செப்டெம்பரிலிருந்து நாட்டில் தடை. தடையும் இருக்கிறது, சீட்டும் இருக்கிறது.

அப்போ யார் பொறுப்பு? மான் வனஜீவராசிகளுடையது. மான் தின்ற குப்பை சபையுடையது. குப்பை அள்ளுவது, தொட்டி வைப்பது, மூடியோடு வைப்பது, உக்கும் குப்பையையும் உக்காததையும் பிரித்து எடுப்பது, எறிகிறவரைப் பிடிப்பது, இது அத்தனையும் சபையின் முதல் வேலை. அதனால் "மான் எங்கள் விடயம் இல்லை" என்று ஒரு சபை உறுப்பினர் சொன்னால் சட்டப்படி சரி, ஆனால் அந்தப் பதிலை நான் ஏற்கமாட்டேன். மானை விடுங்கள், மூடி போட்ட தொட்டி எத்தனை, சனி ஞாயிறு மாலையில் கடற்கரைக்கு டிராக்டர் எத்தனை மணிக்கு வருகிறது, இதைக் கேளுங்கள். இதற்கு அவர் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

எறிகிறது நாங்கள்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கொமெண்டில் சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

காசு எங்கிருந்து? சோலைவரி, சந்தைக் கடை வாடகை, லைசன்ஸ் கட்டணம், காணி கைமாறும்போது நீங்கள் கட்டும் முத்திரைத் தீர்வை, நீதிமன்றத் தண்டப்பணம். கடைசி இரண்டும் மாகாண சபை வழியாகச் சுற்றி வரும். அவ்வளவுதான், மேலே போவோம்.

[காட்சி: நீள மேசை, மைக்குகள், தண்ணீர்ப் போத்தல்கள்.]

மாதக் கூட்டம். முந்தைய கூட்டறிக்கை உறுதிப்படுத்தல், தலைவர் உரை, குழு அறிக்கைகள், பிரேரணைகள். உலகத்தில் எங்கோ நடப்பதைக் கண்டித்து ஒரு தீர்மானம் வந்தால் பத்து நிமிடத்தில் ஏகமனதாக நிறைவேறும். எல்லோரும் நல்ல தமிழ் பேசுவார்கள். அடுத்தது ஒரு ஒழுங்கைக்கு வடிகான் மூடி. முன்மொழிவு, வழிமொழிவு, "என்னுடைய வட்டாரத்துக்குப் போன வருடமே கேட்டேன்", "அந்த ஒதுக்கீடு எங்கே போனது", "தலைவர் அவர்களே, அவர் என்னைப் பார்த்துக் கை நீட்டுகிறார்". அரை மணித்தியாலம்.

சிரிக்கலாம். ஆனால் அந்த அரை மணித்தியாலத்துக்காகத்தான் உறுப்பினர்கள் தேவை, மேலே கேட்டீர்களே அந்தக் கேள்விக்குப் பதில் இதுதான். அதிகாரி மட்டும் இருந்த காலத்திலும் டிராக்டர் வந்தது உண்மை. ஆனால் இருக்கிற காசில் எந்த ஒழுங்கைக்கு முதலில் வடிகான், எந்தச் சந்திக்கு விளக்கு என்று யாரும் வெளிப்படையாகச் சண்டை பிடிக்கவில்லை. கோப்பில் முடிந்துவிடும், எங்களுக்குத் தெரியவும் வராது. சண்டை நடந்தால் கூட்டறிக்கையில் பதிவாகும். பதிவானால் அடுத்த மாதம் காட்டிக் கேட்கலாம்.

கூட்டத்தைப் பொதுமக்களும் போய்ப் பார்க்கலாம். வேலை நாளில் நடப்பதால் ஓய்வு பெற்றவர்களுக்குத்தான் வசதி. எனக்குத் தெரிந்த ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் கொப்பியும் பேனையுமாகப் போய் உட்கார்ந்துவிடுவார். அவரைக் கண்டால் உறுப்பினர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவதை நானே பார்த்தேன்.

இனி உங்களுக்கு உதவுகிற இரண்டு விஷயம். ஒன்று, ஒரு வருடத்துச் சோலைவரியை ஜனவரி 31ஆம் திகதிக்கு முன்னால் முழுதாகக் கட்டினால் 10 வீதம் கழிவு. காலாண்டுக்குக் கட்டுகிறவர்கள் அந்தக் காலாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 வீதம். ஜனவரி கடைசி நாளில் கவுண்டரில் வரிசை எப்படி இருக்கும் என்று தெரியும்தானே, பொங்கல் முடிந்த கையோடு போய்விடுங்கள்.

இரண்டாவது, தகவலறியும் உரிமைச் சட்டம், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம். எந்தச் சபையிலும் தகவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். எழுத்தில் கேட்டால், தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். காரணம் கேட்க அவர்களுக்கு உரிமை இல்லை. "ஏன் ஐயா குப்பை எடுக்கிறீர்கள் இல்லை" என்று எழுதாதீர்கள், அது முறைப்பாடு. "கடந்த ஆண்டு கடற்கரைப் பகுதியில் வைத்த குப்பைத் தொட்டிகளின் எண்ணிக்கை, இடம், செலவு ஆகியவற்றின் பிரதி தேவை" என்று எழுதுங்கள். இதற்கு இலக்கத்தில்தான் பதில் வர முடியும். தமிழில் எழுதலாம், பிரதி ஒன்றில் திகதி முத்திரை குத்தி வாங்க மறக்காதீர்கள்.

மாதிரிக் கடிதம் ஒன்றைக் கீழே விவரப் பகுதியில் போட்டிருக்கிறேன். பதில் வந்தால் அதைக் கொமெண்டில் போடுங்கள், அடுத்த காணொளியில் வாசிக்கிறேன். பதில் வராவிட்டாலும் போடுங்கள், மேன்முறையீடு எப்படிச் செய்வது என்று அதில் சொல்கிறேன்.