சமக்குறியும் எழுத்துதான், நடுவர் அவர்களே!

நடுவர் அவர்களே, வணக்கம். உயர்நிலை வகுப்பில் எழுதக் கற்றுத்தருவது தமிழாசிரியர் வேலையா, எல்லாப் பாட ஆசிரியர்களின் வேலையா என்பது வழக்கு. "எழுத்தைத் தமிழையா பார்த்துக்கொள்வார், எங்களுக்குக் கருத்து போதும்" என்று எதிரணித் தலைவர் கைத்தட்டல் வாங்கிவிட்டுப் போயிருக்கிறார்.

ஒரு கணக்கு நோட்டைத் திறப்போம். ஐந்தையும் மூன்றையும் கூட்டி இரண்டால் பெருக்க வேண்டும். பையன் எழுதுகிறான்: 5 + 3 = 8 × 2 = 16. விடை சரி, எழுதியது பொய்! ஐந்தும் மூன்றும் பதினாறா? சமக்குறியை அவன் 'அடுத்தது' என்று வாசிக்கிறான். இதே பழக்கத்தோடு சமன்பாட்டுக்குப் போனால் இருபுறமும் சமம் என்பதே பிடிபடாது. தமிழையாவிடம் கொண்டுபோனால் இதில் எந்த ஒற்றைத் திருத்துவார்?

அறிவியலுக்கு வாருங்கள். துருப்பிடித்தல் சோதனை. மூன்று குழாய், குழாய்க்கு ஓர் ஆணி. முதலாவதில் நீரும் காற்றும். இரண்டாவதில் கொதிக்கவைத்த நீர், மேலே எண்ணெய்ப் படலம். மூன்றாவதில் ஈரத்தை உறிஞ்சும் கால்சியம் குளோரைடு, வாயில் தக்கை. சில நாளில் முதல் ஆணி மட்டும் துருவேறும். மாணவி எழுதுகிறாள்: "மூன்றாவதில் நீர் இல்லை, ஆகவே துருப்பிடிக்கவில்லை." நீர்தான் காரணமென்றால் இரண்டாவது ஆணி ஏன் பளபளக்கிறது? கொதித்ததில் கரைந்திருந்த காற்று வெளியேறியது, எண்ணெய் புதுக்காற்றை உள்ளே விடவில்லை. நீர், காற்று இரண்டும் சேர்ந்தால்தான் துரு. பிழையில்லாத தமிழில் பாதி விடை எழுதியிருக்கிறாள். மீதிப் பாதி காணோம் என்பது அறிவியல் ஆசிரியர் கண்ணுக்குத்தான் தெரியும்.

"சிலபஸ் முடிக்கவே நேரமில்லை" என்றார்கள். கட்டுரை யார் கேட்டது? வாரம் ஒருநாள், கடைசி ஏழு நிமிடம், மூன்றே வாக்கியம்: முடிவு என்ன, ஆதாரம் எது, அந்த ஆதாரத்திலிருந்து முடிவு எப்படி வருகிறது. மூன்றாவதில்தான் பிள்ளைகள் சறுக்குவார்கள். முதல் இரண்டு வாரம் ஆசிரியரே கரும்பலகையில் அடித்து, திருத்தி, யோசித்தபடி எழுத வேண்டும். திருத்தமான விடையை எழுதிப்போட்டால் அப்படியே காப்பி அடிப்பார்கள், அவ்வளவுதான். 'எனவே', 'ஏனெனில்' என்று தொடக்கச் சொல் கொடுக்கலாம். அரையாண்டுக்குள் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் அதுவே இன்னொரு கைடு ஆகிவிடும். புரிந்ததா என்று பார்க்க, "ஆணியில் கிரீஸ் தடவினால்?" என்று கேளுங்கள். மனப்பாடம் அங்கே நின்றுவிடும்.

திருத்துவதா? 40 நோட்டு, நாளுக்குப் பத்து. விட்டுப்போன இடத்தில் ஒரே ஒரு கேள்வி. எல்லாவற்றையும் சிவப்பாக்கினால் எதைச் சரிசெய்வதென்று பிள்ளைக்குத் தெரியாது.

அறிவியல், கணக்கு வகுப்பும் மொழி வகுப்புதான் என்று 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பே சொல்லிவிட்டது.

மணி அடித்துவிட்டீர்கள், ஒன்றே ஒன்று. தென்மேற்குப் பருவமழை தமிழ்நாட்டில் ஏன் குறைவு? "மழைமறைவுப் பகுதி என்பதால்" என்கிறான் பையன். பெயரைச் சொன்னான், காரணம் எங்கே? காற்று மேற்குத் தொடர்ச்சி மலையின் மேற்குச் சரிவில் ஏறும்போதே மழையைக் கொட்டிவிட்டு வறண்டு இறங்குகிறது என்ற வாக்கியத்தை அவனிடம் யார் கேட்டு வாங்குவது? தமிழையா அந்நேரம் பக்கத்து வகுப்பில் அணியிலக்கணம் நடத்திக்கொண்டிருக்கிறார், ஐயா!