மரத்தடியில் ஒரு பெஞ்சு போடுங்கள்

அவைத் தலைவர் பெரியவர் அவர்களே, நகர்மன்றத் தலைவர் அம்மா அவர்களே, மாவட்ட மனநலத் திட்டத்திலிருந்து வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு வந்திருக்கும் மருத்துவர் ஐயா அவர்களே, கடையைச் சாத்திவிட்டு வந்து பந்தலை நிறைத்திருக்கும் வணிகர் சங்கத்து அண்ணன்மார்களே, தாய்மார்களே, வணக்கம். தலைவர் அம்மா போன வாரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் நூறு புங்கங்கன்று நட்டார்கள். அதற்குத் தனியாக ஒரு கைத்தட்டல் கொடுங்கள்.

மனநல ஆலோசனையை நாலு சுவருக்கு வெளியே கொண்டுபோவது பற்றி மூன்று விஷயம் பேச வந்தேன். ஒன்று, வெளியே போனால் வாய் ஏன் திறக்கிறது. இரண்டு, ரகசியத்தை எப்படிக் காப்பது. மூன்று, மழைக்கும் கொசுவுக்கும் என்ன வழி. ‘நிழலின் அருமை வெயிலில் தெரியும்’ என்று என் அப்பத்தா சொல்லும். இருபது வருஷத் தொழிலில் எனக்கு அதுதான் பாடம்.

ஒரு பையன். பிளஸ் டூ. அடையாளத்தை மாற்றித்தான் சொல்கிறேன். சொல்லலாம் என்று அவனே அனுமதி தந்தான். அம்மா அழைத்து வந்தார். மூன்று வாரம் ஒரு வார்த்தை பேசவில்லை. என் அறையில் நடுவில் மேஜை, எதிரெதிரே நாற்காலி. அவன் கண்ணுக்கு நான் இன்னொரு ஹெட்மாஸ்டர். நாலாவது வாரம் கரண்ட் போனது. பங்குனி மாசம், புழுக்கம். ‘வாப்பா, வெளியே நிற்போம்’ என்றேன். கொல்லையில் புளியமரம், கீழே பழம் உதிர்ந்து கிடந்தது. குனிந்து ஒன்றைப் பொறுக்கி, ஓட்டை உடைத்து, பாதியை என்னிடம் நீட்டினான். இரண்டு பேரும் ரோட்டைப் பார்த்தபடி நின்று சப்பிக்கொண்டிருந்தோம். ஒரு மாட்டுவண்டி போனது, ஒரு டவுன் பஸ் போனது. கொட்டையைத் துப்பிவிட்டு, ‘அப்பா செத்ததிலிருந்து எனக்குத் தூக்கம் வரல சார்’ என்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை. ரோட்டிடம்தான் சொன்னான். உள்ளே கரண்ட் வந்து ஃபேன் சுற்றும் சத்தம் கேட்டது. நான் அசையவே இல்லை! அன்றைக்கு ஒன்றரை மணி நேரம் பேசினான். பரீட்சை எழுதினான், இன்றைக்கு வேலையில் இருக்கிறான். வரும்போதெல்லாம் அந்த மரத்தடிக்குத்தான் முதலில் போவான்.

ஜிம்பாப்வேயில், ஹராரே நகரத்தில், டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 2006-இல் ஒரு வேலை தொடங்கினார். ஆஸ்பத்திரியில் இடமில்லை. வெளியே ஒரு மரபெஞ்சைப் போட்டு, 14 பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து உட்காரவைத்தார். மனச்சோர்வுக்கு அந்த ஊர்ப் பேச்சில் ‘குஃபுங்கிசிசா’ என்று பெயர். அளவுக்கு மீறி யோசிப்பது என்று பொருள். நம் கிழவிகளும் ‘ரொம்ப யோசிக்காதடி’ என்றுதானே சொல்வார்கள்? பெஞ்சில் பேசியவர்களுக்கு நோய் குறைந்ததை 573 பேரை வைத்துச் சோதித்து, 2016-இல் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள்.

அமெரிக்காவில் ரோஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் 1984-இலேயே எழுதினார்: பித்தப்பை அறுவை முடிந்து, ஜன்னல் வழியே மரம் பார்த்துக் கிடந்தவர்கள், செங்கல் சுவரைப் பார்த்துக் கிடந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். வலி மருந்தும் குறைவாகவே கேட்டார்கள்.

அப்படியிருக்க, நான் வேலை பார்த்த ஓர் ஆஸ்பத்திரியில், பெயர் வேண்டாம், டூவீலர் நிறுத்த இடம் வேண்டுமென்று வாசல் வேம்பை வெட்டினார்கள். நோயாளியோடு வந்தவர்கள் சாப்பாட்டுத் தூக்கை வைத்துக்கொண்டு உட்காரும் மரம் அது. ஆலோசனைக்கு எனக்குத் தந்தது மருந்துப் பெட்டி அடுக்கிய ஒரு ஸ்டோர் ரூம். நிழலின் அருமை வெயிலில் தெரியும். வெட்டிய மறுநாளே தெரிந்தது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

ரகசியம் பற்றி ஒன்று மட்டும்: ‘தெரிந்தவர் எதிரே வந்தால் என்ன செய்வோம்?’ என்று, வெளியே கிளம்புமுன் ஆலோசனைக்கு வந்தவரிடமே கேட்டு முடிவு செய்துகொள்ளுங்கள். மழையையும் கொசுவையும் இன்னொரு மேடையில் பேசுகிறேன், தலைவர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார்.

நம் அரசு ஆஸ்பத்திரி புறநோயாளிப் பிரிவுக்குப் பின்னால் இன்னும் இரண்டு வேம்பு நிற்கிறது. புதுக் கட்டடத்துக்கு அளந்து கயிறு கட்டியிருக்கிறார்கள். கட்டடம் வரட்டும், பத்தடி தள்ளி வரட்டும். மரத்தடியில் ஒரு கல்பெஞ்சு போடட்டும். மனு பந்தல் வாசல் மேஜையில் இருக்கிறது. தலைவர் அம்மா முதல் கையெழுத்தைப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வாருங்கள் அம்மா, நானே பேனா கொண்டு வந்திருக்கிறேன்.