கிபியோனில் கேட்டவரும் கேட்காதவரும்

நேயர்கள் எல்லோருக்கும் இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் அன்பின் வாழ்த்துகள். விசுவாசத்தில் வளர்வதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பெரிய தலைப்பு. கொடுத்திருக்கும் நேரமோ சில நிமிடங்கள். அதனால் ஒரே ஓர் ஊருக்கு மட்டும் உங்களைக் கூட்டிக்கொண்டு போகிறேன். வேதாகமத்தில் வருகிற கிபியோன். என்னைத் தெரிந்தவர்கள் இப்போதே சிரித்திருப்பார்கள். எங்கே பேசக் கூப்பிட்டாலும் இவர் சுற்றிச் சுற்றிக் கிபியோனுக்குத்தான் வருவார் என்று.

யோசுவா புத்தகம் ஒன்பதாம் அதிகாரம். யோசுவாவின் தலைமையில் இஸ்ரவேலர் கானானுக்குள் வந்துவிட்டார்கள். எரிகோ பட்டணம் விழுந்துவிட்டது, ஆயி பட்டணமும் விழுந்துவிட்டது. கில்காலில் இருந்த அவர்களுடைய பாளையத்துக்குச் சிலர் வந்து நிற்கிறார்கள். பழைய கோணிகள், கிழிந்து கட்டிய திராட்சரசத் துருத்திகள், ஒட்டுப்போட்ட செருப்பு. “வெகு தூரத்திலிருந்து வருகிறோம், எங்களோடு உடன்படிக்கை பண்ணுங்கள்” என்கிறார்கள். அப்புறம் பையிலிருந்து அப்பத்தை எடுத்துக் காட்டுகிறார்கள். வீட்டிலிருந்து கிளம்பும்போது சுடச்சுட எடுத்தது, இப்போது பாருங்கள், காய்ந்து பூசணம் பூத்துவிட்டது.

இந்த அப்பத்தை நான் பல வருடங்களாகக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஏனென்றால், இஸ்ரவேலின் பெரியவர்கள் அசட்டையாக இருந்தவர்கள் இல்லை. “நீங்கள் எங்கள் பக்கத்திலேயே குடியிருப்பவர்களோ என்னவோ, உங்களோடு எப்படி உடன்படிக்கை பண்ணுவது” என்று முதலிலேயே கேட்டார்கள். சந்தேகம் வந்திருக்கிறது! அப்பத்தையும் வாங்கிப் பார்த்தார்கள். அதில் இருந்தது நிஜப் பூசணம்தான். கண் பார்த்தது சரி. ஆனால் வேதம் அந்த இடத்தில் ஒரு வரி எழுதி வைக்கிறது: கர்த்தருடைய வாக்கைக் கேளாமல் அவர்களுடைய சாப்பாட்டில் கொஞ்சம் வாங்கிக்கொண்டார்கள். இத்தனைக்கும், ஆசாரியன் மூலமாகக் கர்த்தரிடம் விசாரித்து நடக்க வேண்டும் என்று யோசுவாவுக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தது; எண்ணாகமம் 27இல் இருக்கிறது. உடன்படிக்கை பண்ணி ஆணையிட்டுக் கொடுத்த மூன்றாம் நாள் தெரிகிறது, அவர்கள் அக்கம்பக்கத்துக்காரர்கள், கிபியோனியர்.

எனக்கும் ஒரு பூசண அப்பம் உண்டு. சொல்லிவிடுகிறேன். ஒரு தொழிலில் கூட்டுச் சேர்ந்தேன். கணக்கு வழக்கையெல்லாம் இரண்டு இரவு உட்கார்ந்து பார்த்தேன், ஒரு தப்பும் இல்லை. “ஒரு வாரம் பொறுங்களேன், ஜெபித்துவிட்டுச் சொல்லலாம்” என்றாள் மனைவி. ஜெபித்தேன். கையெழுத்துப் போட்ட மறுநாள்! “ஆண்டவரே, இதை ஆசீர்வதியும்” என்று முழங்காலில் நின்றேன். எட்டு மாதத்தில் போட்டது போய்விட்டது. பணத்தை விடுங்கள். அந்த ஜெபத்தை இப்போது நினைத்தால்தான் வெட்கமாக இருக்கிறது. முடிவை நானே எடுத்துவிட்டு, சீல் குத்த மட்டும் கடவுளைக் கூப்பிட்டிருக்கிறேன்.

யோசித்துப் பார்க்க வேண்டாம், கணக்குப் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளாதீர்கள். பார்க்கத்தான் வேண்டும். நீதிமொழிகள், உன் சுயபுத்தியின்மேல் சாயாதே என்கிறது. புத்தியைக் கழற்றி வைத்துவிடு என்று சொல்லவில்லையே. சாய்வதற்கு அது தாங்காது, அவ்வளவுதான்.

சரி, அதே ஊருக்கு மறுபடி போவோம். யோசுவாவுக்குப் பல தலைமுறைக்குப் பின்பு. அப்போது கிபியோனில் கர்த்தரின் பலிபீடம் இருக்கிறது. இளம் ராஜா சாலொமோன் அங்கே போய் ஆயிரம் தகனபலி செலுத்துகிறார். ஆயிரம் பலிக்கு எவ்வளவு விறகு வேண்டும்! அந்த விறகை வெட்டியவர்கள் யார் என்று யோசிப்பேன். ஏமாற்றியது தெரிந்தபோது யோசுவா கிபியோனியரைக் கொல்லவிடவில்லை. பலிபீடத்துக்கு விறகு வெட்டவும் தண்ணீர் எடுக்கவும் வைத்தார். அவர்கள் வம்சமாகவும் இருக்கலாம். வேதம் அதைச் சொல்லவில்லை, என் கற்பனைதான்.

அன்று ராத்திரி சொப்பனத்தில் ஆண்டவர், “நீ விரும்புகிறதை என்னிடத்தில் கேள்” என்கிறார். சாலொமோன் என்ன சொன்னார்? நான் போக்குவரவு அறியாத சிறுபிள்ளை என்றார். ராஜா பேசுகிற பேச்சா அது! அப்புறம், ஞானமுள்ள இருதயம் வேண்டும் என்றார். நம் தமிழ் வேதாகமத்தில் அப்படித்தான் இருக்கிறது. எபிரெயத்தில் அந்த இடத்தில் இருப்பது, கேட்கிற இருதயம்.

இங்கேதான் நான் தமிழனாகப் பிறந்ததற்குச் சந்தோஷப்படுகிறேன். நமக்குக் கேட்பது என்றால் இரண்டும். கையேந்துவதும் கேட்பது, காது கொடுப்பதும் கேட்பது. சாலொமோன் கேட்டார். என்ன கேட்டார்? கேட்கிற இருதயத்தைக் கேட்டார். யோசுவாவின் ஆட்கள் கேளாமல் போனார்கள் என்ற வரியிலும் அதே சொல். பன்னிரண்டு வயதில் இயேசு தேவாலயத்தில் போதகர்கள் நடுவே உட்கார்ந்து என்ன செய்துகொண்டிருந்தார்? அவர்கள் பேசுவதைக் கேட்டார், அவர்களைக் கேள்வியும் கேட்டார். அந்த அதிகாரம் முடியும்போதுதான் அவர் ஞானத்தில் விருத்தியடைந்தார் என்று லூக்கா எழுதுகிறார்.

அந்தத் தொழில் போன பிறகு என் ஜெபத்தில் ஒரு வாக்கியம் மாறியது. “இதை ஆசீர்வதியும்” என்று ஆரம்பிப்பதில்லை. “இதில் நான் பார்க்காமல் விட்டது என்ன?” என்று கேட்டுவிட்டுச் சும்மா உட்காருகிறேன். முதல் பத்து நிமிடம் ஒன்றும் கேட்காது, கடிகாரச் சத்தம்தான். பதில் சில நாள் வசனமாக வரும். சில நாள் மனைவி வாயால் வரும். கேட்டதும் கடிந்துகொள்ளாமல் கொடுக்கிறவர் என்று யாக்கோபு எழுதுகிறாரே, அந்த ஒரு வார்த்தைக்காகவே கூச்சமில்லாமல் கேட்கலாம். இவ்வளவு லேட்டாக வந்து கேட்கிறாயே என்று அவர் என்னைத் திட்டியதில்லை.

பிற்காலத்தில் சாலொமோனின் இருதயம் வழுவிப்போனது ஏன் என்றும் சொல்ல நினைத்திருந்தேன்... இரண்டு நிமிடம்தான் என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு விரலைக் காட்டுகிறார்கள். இப்போது ஒன்றாகிவிட்டது. வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குக் கர்த்தர் கொடுத்த மன்னா என்ற அப்பத்தைப் பற்றி எழுதி வந்த தாள் அப்படியே கையில் இருக்கிறது. யாத்திராகமம் 16ஆம் அதிகாரம். இன்று இரவு எடுத்துப் படியுங்கள். நாளைக்கும் இருக்கட்டும் என்று எடுத்து வைத்தது விடிவதற்குள் புழுத்து நாறிய இடம் வரும், அங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். நன்றி, ஸ்தோத்திரம்.